ஜாஸ் கிட்டார் சாதகம்: மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும்

கிட்டாரில் ஓரளவு கைப்பழக்கம் ஏற்பட்டு, சாதாரணக் கார்டுகளும் இரண்டொரு ஸ்கேல்களும் வசப்பட்டபின் ஜாஸ் சங்கீதத்தின்பால் மனத்தைச் செலுத்துகிறவர்கள், பெரும்பாலும் புதிய ஸ்கேல்களைத் தேடித் தேடி மனனம் செய்வதிலேயே முதல் வருஷங்களைச் செலவிட்டுவிடுகிறார்கள். அந்த உழைப்பு வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால், ஒரு கார்டிலிருந்து மற்றொரு கார்டுக்கு ஹார்மனி நகரும் க்ஷணத்தில் அந்த நகர்ச்சியைத் தாங்கி நிற்கும் ஸ்வரம் எது என்பதைக் காது அறிந்துகொள்ளாத வரையில், விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பாட்டு எங்கே சென்றுகொண்டிருக்கிறது என்பது கேட்பவருக்குப் புலப்படாது. அத்தகைய ஸ்வரங்கள் அநேகமாக ஒவ்வொரு கார்டிலும் இரண்டுதான்: மூன்றாவதும் ஏழாவதும். கார்டு மேஜரா மைனரா என்பதை மூன்றாம் ஸ்வரம் தீர்மானிக்கிறது. அது அமைதியாய் நிற்குமா, அடுத்ததை நாடிச் செல்லுமா என்பது ஏழாம் ஸ்வரமும் உடன் சேரும்போது தெளிவாகிறது.

இதைக் கற்க ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதிலேயே மாதக்கணக்கில் தங்கியிருப்பது உத்தமம். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் குடியேறிய ஜோசஃப் கோஸ்மா 1945-ல் மெட்டமைத்ததும், பிற்பாடு ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற பெயரில் ஜாஸ் வித்வான்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டதுமான பாட்டைக் காட்டிலும் இதற்கு ஏற்றதை நான் அறியேன். 32 பார்கள் கொண்ட அப்பாட்டின் முதல் எட்டுப் பார்களில், இ மைனரில் வாசிக்கும்போது, ஏ மைனர் செவன், டி செவன், ஜி மேஜர் செவன், சி மேஜர் செவன், எஃப் ஷார்ப் மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், பி செவன் ஆகிய ஆறும் பாருக்கு ஒன்றாக வந்து, இறுதியில் இ மைனர் இரண்டு பார்கள் நிற்கிறது.

முதலில், இந்தக் கார்டுகளை ஆறு தந்திகளிலும் நிரப்பி வாசிக்கும் ஆசையை விட்டுவிட்டு, மூன்றே தந்திகளில் அமைத்துக்கொள்ள வேண்டும். கீழ் ஸ்தாயியில் கார்டின் மூல ஸ்வரம்: ஆறாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட், ஐந்தாம் தந்தியில் 5, ஆறில் 3, ஐந்தில் 3, ஆறில் 2, ஐந்தில் 2, கடைசியில் ஆறாம் தந்தியைத் திறந்தபடியே ஒலிப்பது. இவற்றுக்கு மேலே நான்காம் தந்தியில் 5, 4, 4, 2, 2, 1, 2 என்ற ஃப்ரெட்டுகளும், மூன்றாம் தந்தியில் 5, 5, 4, 4, 2, 2 என்று இறங்கிக் கடைசியில் திறந்த தந்தியும். மூல ஸ்வரம் ஆறாம் தந்தியில் இருக்கையில், அதை அழுத்தும் விரலின் நுனியே ஐந்தாம் தந்தியை லேசாகத் தொட்டு அதன் ஒலியை அடக்க வேண்டும். இ மைனரில் மட்டும், நான்காம் தந்தியை அழுத்தும் விரல் அவ்வேலையைச் செய்யும். முதல் இரண்டு தந்திகளின் பக்கம் வலக்கை போகவே வேண்டாம்.

இனி, மூல ஸ்வரத்தை நிறுத்திவிட்டு, நான்காம் தந்தியையும் மூன்றாம் தந்தியையும் மட்டும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஏழு கார்டுகளும் அங்கேயே இருக்கின்றன! ஒரு தந்தி அசையாமல் நிற்க மற்றொன்று ஒரு படி இறங்குவதும், பிறகு நின்றது இறங்க இறங்கியது நிற்பதுமாக, கடைசிக் கார்டுக்குப் போகும் இடம் தவிர, இரண்டு குரல்கள் முறைவைத்து நடந்து செல்கின்றன. சி மேஜரிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும்போதும் இதே நியதிதான். இந்தப் பாட்டின் துயரம் கலந்த இனிமைக்கு இந்த இறக்கமே பெரிதும் காரணம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாயால் பாடி, பின் ஒன்றைப் பாடிக்கொண்டே மற்றொன்றைக் கிட்டாரில் வாசிக்கப் பழக வேண்டும். குரல்வளம் இதற்கு அவசியமில்லை. பாடினாலொழிய அந்த ஸ்வரங்கள் காதுக்குச் சொந்தமாவதில்லை.

லயத்துக்கு மெட்ரோனோமை 50-ல் வைத்து, அதன் ஒவ்வொரு தட்டையும் பாரின் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளாகக் கொள்ளுங்கள். அப்போது பாட்டு நிமிஷத்துக்கு 100 எண்ணிக்கை வேகத்தில் செல்லும். முதலில் கால் இடறும். சில தினங்களில் ஜாஸுக்கே உரிய அசைவு தானாக உடம்பில் ஏறும். கவுண்ட் பேஸியின் குழுவில் 1937-ல் சேர்ந்து 1987-ல் காலமாகும் வரை வாசித்த ஃப்ரெடி கிரீன், பாருக்கு நான்கு மீட்டலாக, மின்சார உதவியின்றி, மிகச் சில ஸ்வரங்களை மட்டுமே ஒலிக்கச் செய்து அத்தனை பெரிய குழுவையும் நடத்திச் சென்றார் என்பதை, மூன்று தந்திக் கார்டுகளை எளியவை என்று எண்ணுகிறவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

மனோதர்ம வாசிப்பு இதற்கு அப்பால்தான். எட்டுப் பார்களுக்குக் கார்டுகளை வாசித்து ஒலிப்பதிவு செய்துகொண்டு, அதன்மேல், ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கையிலும் அந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரம் மட்டும் விழுமாறு வாசியுங்கள்: சி, எஃப் ஷார்ப், பி, இ, ஏ, டி ஷார்ப், ஜி. இது உறுதிப்பட்டபின், அந்த ஸ்வரத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் அணுகும் பிரயோகத்தைச் சேர்க்கலாம். டி செவனில் எஃப் ஷார்ப்பை அடைய, முந்திய பாரின் கடைசி எண்ணிக்கையை இரண்டாக்கி ஜி, எஃப் என்று வாசித்து, அடுத்த பார் பிறக்கும்போது எஃப் ஷார்ப்பில் இறங்க வேண்டும். பி செவனுக்கு இ, டி என்று வந்து டி ஷார்ப். அந்த எஃப் பாட்டின் ஸ்கேலுக்குப் புறம்பானது; ஆயினும் சேர வேண்டிய இடத்தில் காலத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவதால் காது அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறது. இடையே நிரப்ப ஜி மேஜர் ஸ்வரங்களே போதும். பி செவன் வரும்போது மட்டும் டி-யை டி ஷார்ப்பாக உயர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் மௌனமாயிருப்பதும் அப்பியாசத்தின் பகுதியே.

இவ்வளவும் கைகூடும்போது பிறர் வாசிப்பைக் கேட்டுக் கற்பதும் சுலபமாகிறது. 25 வயதிலேயே 1942-ல் மறைந்த சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் காதால் கேட்டே, அவருடைய வாசிப்பை ஸ்வரம் பிசகாமல் கற்றவர் இண்டியானபோலிஸ் நகரத்து வெஸ் மாண்ட்கோமரி. பிக்கை விடுத்துக் கட்டைவிரலால் மீட்டிய அவர், ஒற்றை ஸ்வரங்களில் தொடங்கி, ஒரே ஸ்வரத்தை இரு ஸ்தாயிகளில் ஒருங்கே ஒலித்து, முடிவில் முழுக் கார்டுகளாக விரிவாக்கும் முறையை 1960-ல் வெளிவந்த ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்’ தட்டில் நன்கு கேட்கலாம். அதிலிருந்தோ கிறிஸ்டியனிடமிருந்தோ நான்கே பார்களைத் தேர்ந்து, வாயால் தடையின்றிப் பாட வந்த பிறகே கிட்டாரைத் தொடுங்கள். பிறகு, எந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரத்தில் வித்வான் இறங்குகிறார், எதை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார் என்று ஆராய்ந்தால், நாலு பாரிலேயே ஒரு வாரத்துக்கு வேலை இருக்கும்.

இ மைனரில் எட்டுப் பார்களும் தயக்கமின்றி வரத் தொடங்கியதும், எல்லாவற்றையும் மூன்று ஃப்ரெட் மேலே தள்ளி, ஜாஸ் வித்வான்கள் இப்பாட்டை அதிகம் வாசிக்கும் ஜி மைனருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே கடைசிக் கார்டுக்குத் திறந்த தந்திகள் உதவமாட்டா; ஆறாம் தந்தியில் 3, நான்கில் 5, மூன்றில் 3 என்று அழுத்தியே வாசிக்க வேண்டும்.