படகு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இறுகிக்கொள்வதைத் தடுக்கும் முறை

கடலோரத்திலும் உப்பங்கழி ஓரத்திலும் உள்ள சில கிராமங்களில் வெள்ள காலத்திற்கென்று படகு வைத்திருப்பதுண்டு. அதன் பின்புறம் மாட்டும் எஞ்சின் கோடை முழுவதும் கொட்டகையில் கிடக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்து, ஜனங்களை மேட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய வேளையில் எஞ்சின் கிளம்பாவிடில், முதலில் கழற்றிப் பார்க்கவேண்டியது ஸ்பார்க் பிளக்கையே. அது அசையாதிருக்கப் பலங்கொண்டு திருகினால் பிளக் முறியும். அல்லது எஞ்சின் தலையிலுள்ள மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். அதன்பின் அன்றைக்கு அந்தப் படகு துடுப்புப் படகுதான்.

பிளக்கின் உடல் எஃகு. எஞ்சினின் தலை அலுமினியம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், ஒரு சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. இதனால் உண்டாகும் வெண்பொடி, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் கொள்வதால், மரை இடுக்குகளில் நிரம்பிப் பிளக்கைக் கவ்விக்கொள்கிறது. ஆகவே ஓடும் எஞ்சினைவிட உப்போடு சும்மா கிடக்கும் எஞ்சினுக்கே அபாயம் அதிகம்.

தை மாதத்தில் எஞ்சினை மூடிவைக்கு முன்னும், புரட்டாசி பிறந்ததும், பிளக்குகளை ஒருமுறை கழற்றி மாட்டுதல் அவசியம். அடிக்கடி கடலுக்குப் போகும் எஞ்சினாயின் மாதம் ஒருமுறை செய்க. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். சூடாயிருக்கும்போது முடுக்கிய பிளக்கை, ஆறியபின் தலை சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். கழற்றுமுன் சுற்றிலுமுள்ள மணலையும் உப்பையும் ஊதி அகற்றாவிட்டால் அவை சிலிண்டருக்குள் விழும்.

திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே கடைசிவரை திருகுக. கையால் போகாத பிளக் கோணலாக நுழைந்திருக்கிறதென்று அறிக. 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள புதுப் பிளக்கானால், அதற்குமேல் சாவியால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். பழைய பிளக்குக்குக் கடிகார முள் ஒரு மணி நகரும் அளவே போதும். எஞ்சினுடன் வந்த புஸ்தகத்தில் வேறு அளவு இருப்பின் அதையே கொள்க. "இன்னும் ஒரு திருகு" என்று பலசாலிகள் செய்யும் உபகாரத்தால் கெட்ட மரைகள் அநேகம்.

மரையில் பசை தடவுவது பற்றி இருவித அபிப்பிராயம் உண்டு. முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது வேண்டாமென்று அவற்றைச் செய்வோரிற் சிலர் கூறுகின்றனர். வழுக்கலால், அதே பலத்திற்குப் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். எஞ்சின் புஸ்தகம் தடவச் சொன்னால், இறுகலைத் தடுப்பதற்கென்றே விற்கும் பசையில் அரிசியளவு எடுத்து, நுனியிலுள்ள இரண்டு மரைகளை விட்டு மேலே தடவுக. சாதாரணக் கிரீஸ் உதவாது. அது கருகிப் புதிய தொல்லையாகும்.

ஏற்கெனவே இறுகிவிட்ட பிளக்கைச் சுற்றித் துருநீக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுதும் ஊறவிடுக. மறுநாள் சிறிது தளர்த்தி, உடனே சிறிது முடுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, இவ்விதமே முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கவேண்டும். அரை மணி பிடித்தாலும் பாதகமில்லை. மரை கெட்டுவிட்டால் பட்டறையில் கம்பிச்சுருள் மரை பொருத்திச் சரிசெய்யலாம்.

கடற்கரை நிலங்களில் அலுமினியத் தலையுள்ள சிறு பெட்ரோல், மண்ணெண்ணெய் இறைவை எஞ்சின்களுக்கும் இதே முறை பொருந்தும்.