குடியேறாத பாக்டீரியா

கேள்வி: எனக்கு எந்த நோயும் இல்லை. புரோபயாட்டிக் தயிர் தினமும் சாப்பிட்டால் குடலில் நல்ல பாக்டீரியா பெருகுமா?
– வாசகி, குரும்பலூர்

பதில்: பெருகாது என்றே சொல்ல வேண்டும். தயிரில் வருபவை சில நாள் தங்கிப் போகும் விருந்தாளிகள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 7 ஜோடி இரட்டைச் சகோதரிகள் 5 வகை பாக்டீரியா சேர்த்த புளித்த பாலை 7 வாரம் சாப்பிட்டார்கள். முன்பும் பின்பும் மலத்தைச் சோதித்தார்கள். குடலில் ஏற்கெனவே இருந்த இனங்களின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவேயில்லை! அதே பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது, ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவில் மாவுச்சத்தைக் கையாளும் மரபணுக்களின் செயல்பாடு மட்டும் மாறியது. ஆள் மாறவில்லை, வேலை மாறியது.

அதற்காகப் பயனே இல்லை என்றில்லை. கொல்கத்தா குடிசைப் பகுதிகளில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் 3,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், புரோபயாட்டிக் பானம் குடித்தவர்களிடம் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லையே.

வீட்டில் உறை ஊற்றிய தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் அவை செத்துவிடும், ருசிதான் மிச்சம். உங்கள் குடலில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தீனி வேண்டுமா? செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் உள்ள ஃப்ரக்டான் நார்ச்சத்து அதுதான். பழைய சோற்றில் தயிர் விட்டு, நாலு வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளுங்கள். கடைக் கப் வாங்குவதானால் சர்க்கரை எவ்வளவு என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.