பாலர் சபை என்னும் பள்ளி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் ஆடுகிறாள். ஆடலாசான் முதலாக அவளை உருவாக்கிய ஆசிரியர்களையும் இளங்கோவடிகள் விரிவாகக் கூறுகிறார். ஆயினும், நடிப்பு பிறவியிலேயே வாய்ப்பது, அதனைக் கற்பிக்க இயலாது என்னும் எண்ணம் இன்றும் நிலவுகிறது. அதற்குச் சான்றாகப் பள்ளிப்படிப்பையே முடிக்காத பெருநடிகர்களைச் சுட்டுவர்.

இச்சான்று ஆராயத்தக்கது. எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் இருவரும் சிறுவயதிலேயே நாடகக் குழுக்களில் சேர்ந்தவர்கள். சான்றிதழ் வழங்கவில்லையே தவிர, அக்குழுக்கள் நடிப்புப் பள்ளிகளாகவே இயங்கின. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி.க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. இத்தகைய குழுக்களில் சிறுவர்கள் பாடலையும் வசனத்தையும் ஆசிரியரிடம் பாடம் கேட்டு மனனம் செய்தனர். சிறு வேடத்தில் தொடங்கி, திறமைக்கேற்ப ஸ்திரீபார்ட், ராஜபார்ட் என உயர்ந்தனர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கேற்ப மூச்சும் குரலும் பழகின. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ சிவாஜிக்கு முதல் திரைப்படம். நடிப்பிலோ அவர் புதியவர் அல்லர்.

அப்பயிற்சியைக் குறையற்றது எனப் போற்றுவதற்கில்லை. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்தனர், கல்வியை இழந்தனர், அடியும் பட்டனர். குரல் உடையும் பருவத்தில், அதுவரை கைதட்டல் பெற்ற சிறுவன் வேடத்தையே இழக்க நேர்ந்தது.

பிற்காலத்தில் 1959இல் தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தோன்றியது. சென்னையில் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையை நிறுவினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து மரபும் அங்கு நவீன நடிப்புடன் இணைந்தது.

பயிற்சி பெற்றவர் அனைவருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. சில வாரங்களில் நடிகராக்குவதாக விளம்பரம் செய்து பெருந்தொகை பெறுவோரும் உளர். அங்குக் கற்பிப்பவர் யார், மாணவர் எத்தனை முறை பார்வையாளர்முன் மேடையேறுவர் என்பவற்றைக் கட்டணம் செலுத்தும் முன்பே கேட்டறிதல் வேண்டும். பணம் கட்டிச் சேர்வது மட்டுமே கற்கும் வழியும் அன்று. கூத்துப்பட்டறையில் பசுபதி பல்லாண்டுகள் நடிகராகப் பயின்ற பின்னரே திரைக்கு வந்தார். விஜய் சேதுபதியோ அங்குக் கணக்கராகப் பணியாற்றிக்கொண்டே, நடிகர்களை அருகிருந்து கவனித்தார்.