எண் பெரிதாக வருகிறது, மொத்தம் ஏன் குறைகிறது?

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆடுகிறேன். 60ஆம் லெவல் ஆர்க் வாரியர், ஃப்யூரி. இரண்டு கையிலும் வாள். கிரிட் 32 சதவீதம் இருக்கிறது. ஹிட் 1 சதவீதம்தான். மோல்ட்டன் கோர் ரெய்டில் எக்ஸிக்யூட் அடித்தால் திரையில் பெரிய பெரிய எண் வருகிறது. ஆனால் சண்டை முடிந்து டேமேஜ் மீட்டரைப் பார்த்தால் ரோக் எல்லோருக்கும் கீழே நிற்கிறேன். வேகத்தைக் கூட்டலாம் என்று ஹீரோயிக் ஸ்ட்ரைக்கை விடாமல் அழுத்துகிறேன். ரேஜ் தீர்ந்து போகிறது. கையில் கொஞ்சம் கோல்டு சேர்ந்திருக்கிறது. இன்னும் கிரிட் ஏற்றட்டுமா, புது வாள் வாங்கட்டுமா? எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் வாரியருக்கு பலம் குறையவில்லை. அவன் வீசும் அடியில் பெரும்பகுதி பாஸ் மேல் விழவே இல்லை, விழுவதும் முழுதாக விழவில்லை. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

ரெய்டு பாஸை இந்த கேம் 63ஆம் லெவலாகக் கணக்கிடுகிறது, உங்களைவிட மூன்று படி மேலே. நீங்கள் எந்தப் பட்டனும் அழுத்தாமல் தானாக விழுகிற அடியை எல்லோரும் வெள்ளை அடி என்பார்கள். அதன் விதி ஒரே ஒரு பகடையில் முடிந்துவிடும். நூறு கட்டம் கொண்ட பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதத் திறன் 300 உள்ளவனுக்கு மிஸ் 8 கட்டம். இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்ததற்காக அதன் மேல் 19. ஆக, 27. பாஸ் விலகிக்கொள்வது 6.5. அடுத்து 40 கட்டம் ‘கிளான்சிங்’. அடி படும், ஆனால் உரசிக்கொண்டு போகும். சராசரியாக 35 சதவீத டேமேஜ் அங்கே போய்விடும். கூட்டிப் பாருங்கள், 73.5. கிரிட்டுக்கும் சாதாரண அடிக்கும் சேர்த்து மிச்சம் 26.5 கட்டம்தான்.

உங்கள் கேரக்டர் பக்கத்தில் தெரிகிற 32 சதவீத கிரிட், 63ஆம் லெவல் பாஸிடம் கிட்டத்தட்ட 5 குறைந்து 27 ஆகிவிடும். அது உட்கார வேண்டிய இடமோ 26.5. அதாவது, இப்போதே இடம் நிரம்பிவிட்டது. ஓனிக்ஸியா தலையை நகரத்தில் தொங்கவிடும்போது கிடைக்கிற பஃப்பில் 5 சதவீத கிரிட், சாங்ஃபிளவரில் இன்னொரு 5 என்று வாங்கிக்கொண்டு போனால், வெள்ளை அடியைப் பொறுத்தவரை அந்தப் பத்தும் வீண். பட்டனை அழுத்தி அடிக்கிற பிளட்தர்ஸ்ட், வேர்ல்விண்ட் போன்ற மஞ்சள் அடிகளுக்கு அது உதவும். ஆனால் ஃப்யூரி வாரியரின் ரேஜ் வெள்ளை அடியிலிருந்துதான் ஊறுகிறது. உங்கள் ரேஜ் பஞ்சத்துக்கும் இதுவே முதல் காரணம். மிஸ்ஸானால் ரேஜ் வராது.

அந்த 1 சதவீத ஹிட்டும் உங்களுக்கு இப்போது பயன்படவில்லை. பாஸின் தற்காப்புக்கும் உங்கள் ஆயுதத் திறனுக்கும் 10 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால், கியரிலிருந்து வரும் முதல் 1 சதவீத ஹிட்டை கேம் கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்கு இடைவெளி 15.

இங்கேதான் வாள் பிரச்சினையாகிறது. ஆர்க்குக்குப் பிறப்பிலேயே கோடரியில் 5 புள்ளி திறன் கூடுதல். மனித இனத்துக்கு வாளிலும் மேஸிலும் அந்தச் சலுகை உண்டு. மற்ற இனத்து வாரியர்கள் எட்ஜ்மாஸ்டர் கையுறைக்காக ஏலக்கடையில் கொள்ளை விலை கொடுப்பது இந்தப் புள்ளிகளுக்காகத்தான். உங்களுக்கு இலவசமாகக் கிடைத்ததை வாள் பிடித்து விட்டுவிடுகிறீர்கள். திறன் 305 ஆனால் மிஸ் 8லிருந்து 6 ஆகும். ஹிட் முதல் சதவீதத்திலிருந்தே வேலை செய்யும். எல்லாவற்றையும்விட முக்கியம், கிளான்சிங்கில் இழப்பு 35 சதவீதத்திலிருந்து 15க்கு இறங்கும். அந்த 40 கட்டம் எந்த கியரைப் போட்டாலும் குறையாது. அதன் இழப்பைக் குறைக்கிற வழி ஆயுதத் திறன் ஒன்றுதான்.

கோடரிக்கு மாறி, ஹிட்டையும் 6க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கிரிட் அதே 27ஆகவே இருக்கட்டும். சாதாரண அடி ஒன்றுக்கு 1 புள்ளி என்று வைத்தால், இப்போது உங்கள் நூறு வீச்சுக்கு 79 புள்ளி கிடைக்கிறது. மாற்றிய பிறகு 96. பலத்தில் ஒரு புள்ளிகூட ஏற்றாமல் வெள்ளை அடியில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இதற்கு இணையான லாபத்தை எந்தப் புது வாளும் உங்களுக்குத் தராது. ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டு கையிலும் கோடரி வேண்டும். திறன் அந்தந்தக் கையில் இருக்கிற ஆயுதத்துக்கு மட்டும்தான்.

எங்கே நிற்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாஸின் முதுகுப் பக்கம் நில்லுங்கள். முன்னால் நின்றால் 14 சதவீத அடியை அது தடுத்துவிடும். தடுக்கும்போதெல்லாம் அதன் அடுத்த அடி டேங்க் மேல் சீக்கிரமாக விழும். உங்கள் டேமேஜ் போவது ஒரு பக்கம், ஹீலர்களுக்கும் வேலை வைப்பீர்கள்.

அடுத்தது பாஸின் கவசம். இதைத் தனி ஆளாக முடிக்க முடியாது. பல பாஸ்களுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு 3731. அப்படியானால் நீங்கள் கொடுக்கிற 100 புள்ளி டேமேஜில் பாஸுக்குப் போய்ச் சேருவது 60. சண்டர் ஆர்மர் ஐந்து அடுக்கு ஏறினால் கவசம் 2250 குறையும், 79 போய்ச் சேரும். அதன் மேல் வார்லாக்கின் கர்ஸ் ஆஃப் ரெக்லெஸ்னெஸ் 640, ட்ரூயிட்டின் ஃபேரி ஃபயர் 505 சேர்ந்தால் 94. ரோக், ஹன்டர், டேங்க் எல்லோருக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஆகவே சண்டை தொடங்கியதும் ரேஜைச் சொந்த அடிக்கு வைத்துக்கொள்ளாமல் ஒரு சண்டர் போடுங்கள். மற்ற வாரியர்களையும் போடச் சொல்லுங்கள். ரெண்ட் மட்டும் வேண்டாம். டீபஃப் வரம்பு உள்ள சர்வரில் ஒரு பாஸ் மேல் 16 டீபஃப்தான் நிற்கும். அற்ப டேமேஜுக்காக ஓர் இடத்தை அடைத்துக்கொள்வது ரெய்டுக்கே நஷ்டம்.

இனி ரேஜ். ஹீரோயிக் ஸ்ட்ரைக் உங்கள் வலக்கை வெள்ளை அடியின் இடத்தில்தான் விழுகிறது. 15 ரேஜைச் செலவழிப்பதோடு, அந்த வீச்சில் வரவேண்டிய ரேஜையும் சாப்பிட்டுவிடும். பிளட்தர்ஸ்ட் 6 விநாடிக்கு ஒருமுறை, வேர்ல்விண்ட் 10 விநாடிக்கு ஒருமுறை; இந்த இரண்டும் தயாராகும்போது 30, 25 என்று ரேஜ் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் வழிவது மட்டும்தான் ஹீரோயிக் ஸ்ட்ரைக்குக்கு.

ஆனால் பழைய வாரியர்கள் அதை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துவார்கள். ஹீரோயிக் ஸ்ட்ரைக்கை அழுத்தி வைத்து, அது விழக் காத்திருக்கும் நேரத்தில், இடக்கை அடிக்கு அந்த 19 சதவீத மிஸ் தண்டனை கிடையாது. எனவே அழுத்தி வைத்து இடக்கை அடியை விழவிடுவார்கள். ரேஜ் போதாது என்று கண்டால் வலக்கை வீச்சு வருவதற்கு ஒரு கணம் முன் ரத்து செய்துவிடுவார்கள். வீச்சு நேரத்தைக் காட்டும் ஆட்ஆன் ஒன்று போட்டுக்கொண்டு, பயிற்சி எடுத்த பிறகு இறங்குங்கள். அவசரம் இல்லை.

ஹோர்டில் இருப்பதால் ஷாமன் உள்ள குழுவிலேயே இடம் கேளுங்கள். விண்ட்ஃப்யூரி டோட்டம் அந்த ஐந்து பேருக்குத்தான். 20 சதவீத வாய்ப்பில் கூடுதல் அடி. வலக்கை ஆயுதத்தில் சாணைக்கல் தேய்த்திருந்தால் அந்த பஃப் ஏறாது. கல்லை இடக்கைக்கு மட்டும் தேய்க்க வேண்டும். ரெய்டுக்கு ரெய்டு இதைத் தவறவிடுகிற வாரியர்களைப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

டேமேஜ் ஏறியதும் த்ரெட் ஏறும். டேங்கின் த்ரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ் உங்கள் பக்கம் திரும்பும். அலையன்ஸுக்கு பாலடினின் சால்வேஷன் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. த்ரெட்டைக் குறைக்கிற டிராங்க்வில் ஏர் டோட்டம் வைத்தால் விண்ட்ஃப்யூரி போய்விடும். மீட்டரில் நெருங்குகிறது என்று தெரிந்தால் ஹீரோயிக் ஸ்ட்ரைக்கை நிறுத்துங்கள். தரையில் கிடக்கிற வாரியரின் டேமேஜ் பூஜ்யம்.

எக்ஸிக்யூட் பற்றி ஒரு வார்த்தை. பாஸின் உயிர் 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் அதை மட்டுமே அழுத்துவது எப்போதும் சரியில்லை. அட்டாக் பவர் 2000ஐத் தாண்டிவிட்டால், 30 ரேஜில் பிளட்தர்ஸ்ட் கொடுக்கிற அடி, அதே ரேஜில் எக்ஸிக்யூட் கொடுப்பதைவிடப் பெரிது. பஃப் எல்லாம் ஏறிய நிலையில் உங்கள் எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கோல்டை எதில் போடுவது? முதலில் டெவில்சோர் கையுறையும் கால்சட்டையும். லெதர்தானே என்று ஒதுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் செட் போனஸாக 2 சதவீத ஹிட். உன்கோரோ குழியில் தோல் உரிப்பவர்களிடம் நேராகக் கேட்டால் ஏலக்கடையைவிட மலிவாகத் தோல் கிடைக்கலாம். ட்ரூஸ்ட்ரைக் தோள்கவசத்துக்கு கோல்டு வேண்டாம், டஞ்சனில் விழும்; அதில் 2. லயன்ஹார்ட் ஹெல்ம்தான் செலவு பிடிக்கும், ஆனால் 2 சதவீத ஹிட்டோடு 2 கிரிட்டும் 18 ஸ்ட்ரெங்த்தும் சேர்ந்து வருகிறது. மூன்றும் சேர்ந்தால் உங்களுக்கு வேண்டிய 6 நிறைந்துவிடும். கோடரி விஷயத்தில் இப்போதைக்கு டஞ்சனில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓனிக்ஸியாவிடம் டெத்பிரிங்கர் விழுந்தால் தயங்காமல் கேளுங்கள். அதன் வேகம் 2.9; மெதுவாக, கனமாக விழும் கோடரி வலக்கைக்குத்தான். அது கைக்கு வந்த வாரமே உங்கள் பிளட்தர்ஸ்ட், வேர்ல்விண்ட், வெள்ளை அடி எண்களைத் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். அடுத்து கிரிட்டா, ஸ்ட்ரெங்த்தா என்பதை அப்போது பார்க்கலாம்.