புத்தகம் போட்டாயிற்று, இனி எழுது

கே.கே. நகர்,
மதுரை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

கண்மாய்களைப் பற்றிய உன் புத்தகம் வந்து மாதக்கணக்காகியும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அச்சடித்ததில் பாதி பதிப்பாளரிடமே கிடக்கிறது என்றாய். ஒரு சுற்றுச்சூழல் இதழ் கட்டுரை கேட்டதாகவும், "புத்தகத்தையே படிக்க ஆளைக் காணோம், இதில் அடுத்தவங்க பத்திரிகைக்குச் சும்மா எழுதிக் கொடுக்கணுமா" என்று பதில் போடாமல் விட்டதாகவும் சொன்னாய். உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இதழுக்கு இன்றைக்கே பதில் போடு, தாயி.

நான் வேலை பார்த்ததெல்லாம் கிளை நூலகங்களில்தான் என்பது உனக்குத் தெரியும். நூலக ஆணையில் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கும். எண் போட்டு, முத்திரை குத்தி, தேதித்தாள் ஒட்டி அடுக்கில் வைப்போம். புது எழுத்தாளர்களின் புத்தகத்தைச் சில வருசம் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்தத் தாளில் ஒரு தேதிகூட விழுந்திருக்காது. எத்தனையோ நல்ல புத்தகங்களுக்கு இந்தக் கதி. எழுத்தில் குறை இருந்து அப்படி ஆகவில்லை. அப்படி ஒருத்தர் எழுதுகிறார் என்பதே வாசகருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எஸ். ராமகிருஷ்ணன் ஆனந்த விகடனில் 'துணையெழுத்து' எழுதிக்கொண்டிருந்தபோது இதற்கு நேர்மாறானதைப் பார்த்தேன். விகடன் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, "இவரு புஸ்தகம் ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்பார்கள். அவருடைய 'உபபாண்டவம்' 2000-இலேயே வந்துவிட்டது. அடுக்கில் இருந்த புத்தகத்துக்கு அந்த வாரப் பக்கம்தான் ஆளைக் கூட்டிவந்தது. கேட்டு வந்தவர்களில் பலர் அதுவரை நாவல் பக்கமே போகாதவர்கள்.

நம்ம ஊரிலேயே இதற்கு மூத்த உதாரணம் உண்டு. பாரதியின் கவிதை முதன்முதலில் அச்சேறியது மதுரையில்தான். 1904 ஜூலையில் இங்கிருந்து வந்த 'விவேகபாநு' இதழ் அவருடைய 'தனிமை இரக்கம்' கவிதையை வெளியிட்டது. அப்போது அவருக்கு 21 வயது. புத்தகம் என்று கையில் எதுவும் இல்லை. இதழோ யாரோ நடத்துவது. அடுத்த மாதம்தான் சேதுபதி பள்ளிக்குத் தற்காலிகத் தமிழாசிரியராக வந்தார். நவம்பரில் சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் சேர்ந்துவிட்டார். அந்தப் பள்ளி இருக்கிற வடக்குவெளி வீதியில் போகிறவர்கள் அவர் வாத்தியாராக இருந்த அந்தச் சில மாதத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் அந்த இதழை நடத்தியவர்களையும் சேர்த்து நினைப்பேன். முன்பின் பெயர் இல்லாத ஒருவரின் எழுத்துக்கு இடம் கொடுத்தார்களே, அது சின்ன விஷயமா? 1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' புத்தகமாக வந்தபோது அவர் பத்திரிகை வாசகர்களுக்கு ஏற்கெனவே பழகியவர். பிறகு புதுச்சேரிக்குப் போய், 1910-இல் அவருடைய 'இந்தியா' இதழ் நின்று, கையில் சொந்தப் பத்திரிகை இல்லாமல் போன காலத்தில் சுப்பிரமணிய சிவாவின் 'ஞானபாநு'வுக்குப் புனைபெயர்களில் எழுதினார். பாரதிக்கே பிறர் இதழ் தேவைப்பட்டது. உனக்கும் எனக்கும் இதில் என்ன கௌரவக் குறைச்சல்?

உன் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது கல்கியின் கதை. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 'சாரதையின் தந்திரம்' 1927-இல் வந்துவிட்டது. அப்போது திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் வேலை. அடுத்த வருசம் வாசன் ஆனந்த விகடனை வாங்கிய பிறகு, 'தமிழ்த்தேனீ' என்ற பெயரில் 'ஏட்டிக்குப் போட்டி' என்றொரு கட்டுரையை அங்கே அனுப்பினார். புத்தகம் போட்டவர், ஒரு பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்தவர், இன்னொரு பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அந்தத் தொடர்பு வளர்ந்து சில வருசத்தில் அவரே விகடனின் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தார். ஊரெல்லாம் அவர் பெயர் தெரிந்தது அதற்கப்புறம்தான். எல்லாருக்கும் இப்படி நடக்காது. ஆனால் அனுப்பாத கட்டுரைக்கு நிச்சயம் எதுவும் நடக்காது.

முன்னே பின்னே தெரியாத எழுத்தாளரை நம்பி இருநூற்றைம்பது ரூபாய் கொடுக்க நம் வாசகருக்கு மனசு வராது. அது நியாயம்தான். ஆனால் அவர் பத்து வருசமாக ஒரு இதழை வாங்கிப் படிக்கிறார். அதன் ஆசிரியர் தேர்ந்தெடுத்துப் போட்டால் ஏதோ இருக்கும் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு உன் கட்டுரை வருகிற அன்றைக்கு உனக்கு வந்து சேர்கிறது. நாலு பக்கத்தில் உன் எழுத்து எப்படி என்று செலவில்லாமல் பார்த்துவிடுகிறார். பிடித்தால் தேடி வருவார்.

அதனால்தான் சொல்கிறேன், புத்தகத்திலிருந்து ஒரு அத்தியாயத்தை வெட்டி அனுப்பாதே. நடுவில் பிய்த்த பக்கம் நடுவில் பிய்த்ததாகவே தெரியும். "விரிவாக அறிய என் நூலைக் காண்க" என்று முடிக்கிற கட்டுரையை ஆசிரியர் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்து ஓரம் வைத்துவிடுவார். வாசகருக்கு அங்கேயே வயிறு நிறைய வேண்டும். புதிதாக எழுது.

எதை எழுதுவது என்று கேட்பாய். காலையில் வண்டியூர் கண்மாய்க்கரையில் நடக்கப் போகிறேன் இல்லையா, கூட ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வருவார். நெடுநாளாக இந்தப் பகுதியிலேயே குடியிருப்பவர். உன் புத்தகத்தைப் படித்து முடித்த சூட்டில் அவரிடம், "கலுங்குன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம், அங்கிருந்து ஓடைவழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும், அதைத்தான் மறுகால் பாய்கிறது என்பார்கள் என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். மனுசன் நடையை நிறுத்திவிட்டார். "அப்ப அந்த ஓடையில வீட்டைக் கட்டுனா, தண்ணி தெருவுக்குள்ளதானே சார் வரும்?" என்றார். நீ ஒரு அத்தியாயம் முழுக்கச் சொன்னதை அவர் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து புத்தகத்தை வாங்கிப் போனார். அந்தக் கலுங்கு ஒன்றை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுது. கல்வெட்டும் வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம்.

அதே விஷயத்தை இடத்துக்குத் தக்கபடி வேறு வேறாக எழுதலாம். பசுமை விகடன் வாசகர் விவசாயி. அவருக்கு மடையும் நீர்ப்பங்கீடும் நீர்ப்பாய்ச்சியின் வேலையும்தான் முக்கியம். இந்து தமிழ் திசையின் 'உயிர் மூச்சு' பக்கத்தைப் படிக்கிறவர் நகரத்துக்காரர். அவருக்கு ஓடையை அடைத்த கதை. மலேசியாவின் வல்லினம், கனடாவின் காலம் போன்றவை இலக்கிய இதழ்கள். கண்மாய்க்கரை மனிதர்களை வைத்து நீ கதை எழுதப்போவதாகச் சொன்னாயே, அதற்கு அவற்றை வைத்துக்கொள். இன்னொன்றையும் சின்னதாக நினைக்காதே. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர் என்று ஊரில் போடுகிறார்கள். வார இதழ் அடுத்த மாதம் எடைக்குப் போய்விடும். மலரை வீட்டில் அலமாரியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். உன் புத்தகத்தில் வருகிற கிராமங்களில் ஏதாவது ஒன்றில் மலர் போட்டால், அந்த ஊர்க் கண்மாயைப் பற்றி நீயே கேட்டு எழுது. அந்த ஊர்ப் பெரியவர்கள் உன்னைத் திருத்துவார்கள். அடுத்த பதிப்புக்கு அது உதவும்.

பணத்தைப் பற்றி நீ கேட்டது சரிதான். பெரிய இதழ்களில் சன்மானம் உண்டு. தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள். சிற்றிதழ் நடத்துகிறவர் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு நடத்துகிறார். அவரிடம் எதிர்பார்க்காதே, இரண்டு பிரதி மட்டும் கேள். ஆனால் கட்டுரை போடவோ மதிப்புரை போடவோ யாராவது உன்னிடம் காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதே. எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் சரி.

சொந்தமாகவே ஒரு இதழ் ஆரம்பிக்கலாமா என்றும் ஒரு வார்த்தை விட்டாய். சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த உழைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அவரும் முதலில் 'சுதந்திரச் சங்கு', 'மணிக்கொடி' என்று பிறர் இதழ்களில் எழுதிப் பெயர் எடுத்த பிறகுதான் அதற்குத் துணிந்தார். நீ இப்போது அதில் இறங்க வேண்டாம்.

கிடைக்கிற இடத்தில் மற்றவர்களைப் பற்றியும் எழுது. சுஜாதா 1965-லிருந்து கணையாழியின் கடைசிப் பக்கத்தை எழுதினார். குமுதமும் விகடனும் அவர் தொடர்கதைக்குக் காத்திருந்த காலத்திலும் அந்தச் சிற்றிதழுக்கு எழுதுவதை அவர் விட்டுவிடவில்லை. படித்த புத்தகம், பிடித்த கவிதை என்று எத்தனை பேரை அங்கே அறிமுகம் செய்தார்! கண்மாய்களைப் பற்றி உனக்கு முன்னால் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய புத்தகத்துக்கு நல்ல மதிப்புரை ஒன்று எழுது. அதைப் படிக்கிறவர்கள்தான் உன்னையும் தேடிப் படிப்பார்கள்.

அனுப்புவதற்கு முன் அந்த இதழின் நாலைந்து பழைய பிரதிகளைப் படித்துவிடு. உன் வீட்டில் இல்லையென்றால் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து பார்ப்போம். எத்தனை வார்த்தை கேட்டார்களோ அத்தனையில் நிறுத்து. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே. ஆசிரியர் வெட்டினால் முதலில் கோபம் வரும். இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார், பாதி வெட்டு சரியாக இருக்கும். பொருளே மாறிப்போயிருந்தால் மட்டும் எழுதிக் கேள்.

அந்தச் சுற்றுச்சூழல் இதழுக்குக் கலுங்குக் கட்டுரையை ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். தெருவில் தண்ணீர் நிற்கிற சமயத்தில் அது வாசகர் கைக்குப் போகட்டும். முதல் வரைவை எனக்கு அனுப்பு, பென்சிலோடு உட்கார்ந்து படித்துத் தருகிறேன். கட்டுரைக்குக் கீழே உன்னைப் பற்றி இரண்டு வரி கேட்பார்கள். படிப்பு, பட்டமெல்லாம் எழுதாதே. புத்தகத்தின் பெயர், பதிப்பகத்தின் பெயர், அவர்கள் தொலைபேசி எண், இது மூன்றும் போதும். எண்ணைப் பதிப்பாளரிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். கட்டுரை வருகிற வாரம் அவர் பிரதிகளைக் கையில் தயாராக வைத்திருக்கட்டும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா