தாம்பரத்தில் எங்கே சாப்பிடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு அப்பா அம்மாவைப் பார்க்கத் தாம்பரத்துச் சேலையூர் வந்தபோது நீ கேட்டது இன்னும் என்னை விடவில்லை. "பெங்களூரில் கடையிலேயே பியர் காய்ச்சி ஊற்றுகிறார்கள் ஐயா. இங்கே ஒன்றுகூட இல்லை. புதுக் கடை தேடிப்போய்ச் சாப்பிடுவதே நம் மரபில் கிடையாதோ?" என்றாய். பத்துப்பாட்டைப் பாடம் கேட்ட நீயா இப்படிப் பேசுவது?

இங்கே இல்லாததற்குக் காரணம் சட்டம். மதுவின் மொத்த விற்பனை 1983-இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் இருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கையில். கள் இறக்க 1987 முதல் தடை. இந்தச் சட்டங்கள் சரியா என்பது வேறு வழக்கு. நாற்பது ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து இரண்டாயிரம் ஆண்டு மரபைத் தீர்மானிக்காதே என்றுதான் சொல்கிறேன்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையை மறுபடி எடு. காஞ்சியில் மன்னன் இளந்திரையனைக் காணப் போகும் பாணனுக்கு, வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் வரிசையாகச் சொல்கிறார். வேட்டுவரான எயினரிடம் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். முல்லை நிலத்தில் பாலும் தினைச்சோறும்; அப்பால் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். வயல் பக்கம் போனால் வெண்ணெல் சோற்றோடு கோழி. அந்தணர் வீட்டில் மாவடு. எல்லாம் தொண்டை நாட்டுச் சாப்பாடு. உன் சேலையூரும் தொண்டை நாடுதான்.

வலைஞர் குடியிருப்பில் கிடைப்பதைக் கொஞ்சம் நின்று படி. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஆறவைக்கிறார்கள். நெல்முளையை இடித்த அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு பாணன் களைப்பாறக் குடிக்கலாம். அடை என்பது நெல்முளை என்று விளக்கியவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். என்னைக் கேட்டால், அந்தப் பாட்டின் உரையிலேயே மிக அருமையான இடம் அதுதான். பனங்கள்ளில் சர்க்கரை முன்பே இருக்கிறது; பானையிலேயே தானாகப் புளித்துவிடும். அரிசியில் இருப்பது மாவு. முளைவிட்ட தானியத்தின் நொதிகள்தாம் அந்த மாவைச் சர்க்கரையாக்கும். பிறகே ஈஸ்ட் அதைச் சாராயமாக்கும். பெங்களூர்க் கடையில் பார்லி முளை செய்கிற வேலையும் இதுவே. அப்படியானால் பாணன் குடித்தது அரிசி பியர். இல்லை என்று எவராவது வாதிட வந்தால் என்னிடம் அனுப்பு. உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை இந்த உரையோடு அச்சிட்டுத் தந்தார். அதைப் புரட்டாமலே "பியர் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது கைப்பேசியில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டு நுங்கம்பாக்கத்துக்கு ஓடாதே. புலவர் பார்த்த விதத்தில் பார்: இங்கே யார் வந்து குடியேறியிருக்கிறார்கள், பக்கத்தில் என்ன விளைகிறது, என்ன பிடிபடுகிறது? ஜி.எஸ்.டி. சாலை தென்மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்குள் நுழையும் வாசல். பரோட்டாவும் சால்னாவும் அவர்களோடு வந்தவை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஐ.டி. பிள்ளைகளை நம்பி ஆந்திரா மெஸ்கள் நடக்கின்றன. புதிதாக ஒன்று திறந்தால் கோங்கூராவைக் கேட்டுச் சாப்பிடு. ஆம்பூர்ப் பெயரில் பிரியாணிக் கடை வந்தால், கத்தரிக்காய்த் தொக்கு வைக்கிறார்களா என்று பார். அரிசி சீரகச் சம்பாவா என்றும் கேள். கேட்பதில் வெட்கம் என்ன? சமைப்பவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மீன் வேண்டுமானால் கோவளம் போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டு வாங்கு. சின்னப் படகில் வரும் கரைமீன் அந்த நாளிலும் கிடைக்கும்.

அப்பாவுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது; அவரையும் கூட்டிப்போகிற நாளில் பரோட்டாக் கடை வேண்டாம். வரும் தேதியை முன்கூட்டி எழுது, நச்சினார்க்கினியரை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்