முதலில் ஒரு நோட்டு வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

கதைகளைப் படித்துவிட்டேன். அவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சண்டை போட நிறைய இருக்கிறது. இந்தக் கடிதம் நீ கடைசியாக எழுதியிருந்த பத்திக்காக. பதிப்பகங்களுக்கு அனுப்பி எட்டு மாதமாகப் பதில் இல்லை, அதனால் நீயே புத்தகம் போடப் போகிறாய். முந்நூறுக்குப் பதில் ஆயிரம் அடித்தால் பிரதிக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்களாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறாயாம். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

அச்சகத்துக்காரர் பொய் சொல்லவில்லை. ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவு முந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான். விற்காத பிரதிக்கு ஆகும் செலவை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்துப் பார்த்தவன். என் முதல் தொகுப்பு ஆயிரம் பிரதி. பழுப்புத் தாளில் இருபது இருபதாகக் கட்டி, ஐம்பது கட்டுகள் குட்டியானையில் வந்து இறங்கின. முதல் வாரம் கூடத்தில் வைத்து அழகு பார்த்தேன். நான்காவது மாதம் கட்டிலுக்கடியில் போயின. இரண்டாவது மழைக்காலம் முடிந்து அடியில் இருந்த ஒரு கட்டைப் பிரித்தேன். அட்டை பளபளவென்று அப்படியே இருந்தது. லேமினேஷனைக் கரையான் தொடவில்லை. திறந்தால் உள்ளே கதை இல்லை, மண்தான் இருந்தது.

வெளியீட்டு விழா வைக்கவில்லையா என்று கேட்பாய். வைத்தேன். நூற்றிருபது பேர் வந்தார்கள், கேசரி நன்றாக இருந்தது, எட்டுப் பொன்னாடைகள். விற்றவை முப்பத்தொன்று. அதிலும் பாதி, முகத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் போக முடியாத உறவினர்கள் வாங்கியவை. விழா எழுதியவனுக்கு நல்ல நாள். புத்தகத்துக்கு அப்படியொன்றும் இல்லை. ஒரு கடையில் ஐம்பது பிரதி கொடுத்தேன், நூற்றுக்கு நாற்பது கழிவு, விற்ற பிறகு பணம். மூன்று வருடம் கழித்துப் போனபோது கடை வேறு தெருவுக்கு மாறியிருந்தது. அவர்களுடைய கணக்கில் என் பெயரே இல்லை.

இனி உன் புத்தகத்தின் கணக்கு. டெமி அளவில் 160 பக்கம், அதாவது பத்து பாரம். விலை 200 ரூபாய். முந்நூறு அடித்தால் பிரதிக்கு 90 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள், மொத்தம் 27,000. கடையில் விற்றால் உன் கைக்கு 120 வரும். பார்சல் செலவு, அழுக்காகித் திரும்பி வரும் பிரதி, இரண்டையும் கழித்தால் டீக்காசுதான். நீயே பத்து சதவீதம் தள்ளி 180க்குக் கொடுத்து, தபால் செலவை வாங்குபவரே ஏற்றுக்கொண்டால், நூற்றைம்பது பிரதியில் போட்ட 27,000 வந்துவிடும். ஆக, உனக்கு வேண்டியது ஆயிரம் வாசகர் அல்ல, பெயரும் போன் நம்பரும் தெரிந்த நூற்றைம்பது பேர்.

அதற்குத்தான் நோட்டு. அச்சகத்துக்குப் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பெயர் எழுத ஆரம்பி. இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. கும்பகோணம் கல்லூரியில் வாத்தியாராக இருந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். இன்று முன்பதிவு என்று நாம் சொல்வது அதைத்தான். பாரதியார் 1920இல் தன் எழுத்தையெல்லாம் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி போடத் திட்டமிட்டு நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். அடுத்த வருடம் அவர் இல்லை. அந்த நான்கு லட்சம் பிரதியும் அச்சேறவில்லை. இரண்டு பேரில் பெரிய கவிஞர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புத்தகம் போடும் விஷயத்தில் மட்டும் ஐயர் பின்னால் போ.

சி.சு.செல்லப்பாவையும் தெரிந்துகொள். தன் ‘எழுத்து’ பிரசுரத்தின் புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1997இல், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல். அவர் 1998இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

யார் பெயரை எழுதுவது என்று திகைக்காதே. உன் கதைகளில் ஏழு விசைத்தறிப் பட்டறையில் நடக்கின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்து, இன்று பெங்களூரிலோ சென்னையிலோ கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! இலக்கியக் கூட்டத்துக்கு வருகிற அதே நாற்பது முகங்களை விட்டு அவர்களைத் தேடு. பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘புத்தகம் வருகிறது’ என்று போட்டால் கைகூப்பும் படம்தான் வரும். ‘நாடா அறுந்த ராத்திரி’ கதையின் முதல் பக்கத்தைப் போடு. யார் திரும்ப எழுதுகிறார்களோ அவர்கள் பெயர் நோட்டில் ஏறட்டும். ஆகஸ்டில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோடு புத்தகத் திருவிழா. ஒரே புத்தகத்துக்காக அரங்கு எடுத்துக் கட்டுப்படியாகாது. தெரிந்த சிறு பதிப்பாளரிடம் மேஜையில் ஒரு சாண் இடம் கேள். பதிலுக்கு இரண்டு நாள் அவருக்குப் பில் போட்டுக் கொடு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்து, எந்தப் பக்கத்தைப் புரட்டி, ஏன் திரும்ப வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிரு. எந்தப் பயிலரங்கிலும் அதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி ஒரு பிரதிகூட அதிகமாக அடிக்காதே. வந்தால் அப்போது அடித்துக்கொள்ளலாம். கிண்டிலில் ஏற்றக் காசு வேண்டாம், ஏற்றிவிடு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

மெய்ப்பு பார்ப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. யூனிகோடில் தட்டியதைப் பேஜ்மேக்கருக்காக வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது என்னென்னவோ நடக்கும். என் புத்தகத்தில் ஔவையார் ‘ஒளவையார்’ ஆகி, இன்றுவரை அப்படியே இருக்கிறார். மாற்றிய பிறகு தாளில் எடுத்து, வேறொருவர் கண்ணால் ஒரு முறை பார்க்கச் சொல். அந்த வேலைக்குக் காசு கொடு. நண்பன் என்று ஓசியில் வாங்காதே.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் காசு கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நம் நாட்டில் அரசு நிறுவனமே அதை இலவசமாகத் தருகிறது, நீயே விண்ணப்பி. 1954ஆம் வருடச் சட்டப்படி, வெளியிடுகிறவர் தம் செலவில் முப்பது நாளுக்குள் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று. நீயே பதிப்பாளன், ஆகவே அந்தக் கடமையும் உன்னுடையது. 1896இல் திறந்த நூலகம். உன் கட்டிலுக்கடியை விடப் பத்திரமான இடம்.

உன் எண்ணுக்கு 200 ரூபாயும் தபால் செலவும் ஜிபேயில் அனுப்பியிருக்கிறேன். கழிவு வேண்டாம். நோட்டில் என் பெயரை எழுதிக்கொள். மீதி நூற்று நாற்பத்தொன்பது.

அன்புடன்,
உன் அண்ணன்